புதுப்பிப்பு: மலையகத்துக்குப் பெஞ்சுகள் கிளம்பிவிட்டன

மக்களே, தக்கலைப் பக்கம் ஒரு பள்ளி கழித்துப்போட்ட பெஞ்சுகளை இலங்கை மலையகத் தோட்டப் பள்ளிக்கு அனுப்ப வழி கேட்டிருந்தேன். நேற்று தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறிவிட்டது!

மரம்தான் அலைய வைத்தது. அடியில் கொடுக்கும் பேக்கிங் கட்டைகளை, நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்தியிருக்க வேண்டும். பூச்சி நாடு தாண்டாமலிருக்க பன்னாட்டு விதி அது. பழைய பெஞ்சுகளுக்கும் புகை போட்டோம். கால்களைக் கழற்றி அடுக்கியதால் 20 அடிப் பெட்டியே போதுமானது; கழற்றித் தந்த மார்த்தாண்டத்து ஆசாரி அண்ணன் கூலி வாங்கவேயில்லை.

பாடநூல்களை அனுப்பவில்லை, அங்கே பாடத்திட்டம் வேறு. அங்கும் தமிழ்வழிதான் என்பதால் உயிரெழுத்து அட்டைகள் போகின்றன. ஒரு டெஸ்க்கில் யாரோ காம்பஸால் கீறிய பெயர். அதை இழைக்க மனசு வரவில்லை.

நுவரெலியாவில் இறங்கியதும் படம் போடுகிறேன்.