தலசீமியா: தாயின் ரத்தமே போதுமா, ஊசி வேண்டுமா?

வெள்ளணு:
தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ மிதக்கிறது என்று ஆய்வாளர் டென்னிஸ் லோவின் குழு 1997-லேயே காட்டிவிட்டது. கருவுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் எதற்கு நஞ்சுக்கொடியில் ஊசி குத்தித் துணுக்கு எடுப்பது? கரு கலையும் ஆபத்து சின்னதுதான், ஆனாலும் ஆபத்துதானே.

நுண்ணோக்கி:
கணக்குப் போட்டுப் பாருங்கள். தாயின் பிளாஸ்மாவில் மிதக்கும் டிஎன்ஏவில் கருவின் பங்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் இருவருக்கும் பீட்டா குளோபின் மரபணுவின் (ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்வது) இரண்டு பிரதிகளில் ஒன்றில் ஒரே பிழை. குழந்தைக்கு நோய் இருந்தால், அதாவது இரண்டு பிரதிகளிலும் பிழை இருந்தால், தாயின் ரத்தத்தில் நூற்றுக்குப் பிழையுள்ள பிரதி 55, நல்லது 45. தாயைப் போலவே ஒரு பிரதியில் மட்டும் பிழையுள்ள வெறும் கடத்தி என்றால் 50-க்கு 50. அந்த ஐந்தை நம்பியா ஒரு குடும்பம் முடிவெடுக்கும்?

வெள்ளணு:
டிஜிட்டல் பிசிஆர் என்ற சோதனை டிஎன்ஏ மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறதே! அதை விடுங்கள். பெற்றோரின் பிழைகள் வெவ்வேறு என்றால்? அப்பாவின் பிழை அம்மாவின் ரத்தத்தில் தென்படவில்லை என்றால் குழந்தைக்கு நோய் வராது. அந்த ஜோடிகளில் பாதிப் பேருக்கு ஊசியே வேண்டாம்.

நுண்ணோக்கி:
தென்படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றா? கருவின் டிஎன்ஏவே அந்தக் குழாயில் போதாமல் இருந்திருக்கலாம். அது இருக்கிறது என்பதற்குத் தனி அடையாளம் பார்க்காமல் ரிசல்ட் தரக்கூடாது.

லேப்காரி:
ஊசி போட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்ற நினைப்பில் பேசுகிறீர்கள் போல. 11, 12 வாரத்தில் எடுத்த துணுக்கைத் தட்டில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். வெள்ளையாக, கிளைகிளையாக, பாசி மாதிரி விரிவது கருவுடையது. அதோடு ஒட்டிக்கொண்டு மழமழவென்று கிடப்பது அம்மாவின் திசு. அதைக் கிள்ளி எடுக்காவிட்டால், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் இரண்டையும் சேர்த்தே பெருக்கும். நோயுள்ள கரு கடத்தியாகத் தெரியும். ஒருமுறை பீட்டா குளோபின் ரிசல்ட் பார்க்க அழகாக வந்தது. டிஎன்ஏ யாருடையது என்று காட்டும் எஸ்டிஆர் சோதனை போட்டால், குழந்தைக்கு ஒன்று மட்டுமே வரவேண்டிய அம்மாவின் கோடுகள் இரண்டும் நிற்கின்றன. மறுபடி சாம்பிள் கேட்டோம்.

வெள்ளணு:
அப்போ ஊசியிலும் தப்பு வரும்!

லேப்காரி:
வரும். ஆனால் பிடிபடும். பெற்றோர் இருவரின் டிஎன்ஏவும் அதே சோதனைச் சுற்றில் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களின் பிழை என்னவென்று தெரியாமலே 12-வது வாரத்தில் வந்து நிற்கிறார்களே, என் தலைவலி அதுதான்.

வெள்ளணு:
சரி, ஒரே பிழை என்றால் ஊசி. வெவ்வேறு என்றால் முதலில் ரத்தம். இதிலிருந்து இறங்க மாட்டேன்.

நுண்ணோக்கி:
அடையாளம் பார்த்த பிறகு.