குளத்துக் காவலுக்கு அவனா, அவளா? வன்னியில் நடக்கும் குயர் மாயக்கதைக்கு உதவி தேவை

வாடைக்காற்று:
மாங்குளத்துக்குக் கிழக்கால காட்டுக்குள்ள ஒரு கற்பனைக் குளம். அதைக் காக்கிற உருவம் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. தண்ணி ஏறேக்க ஒரு மாதிரி, இறங்கேக்க இன்னொரு மாதிரி. நீர்ப்பாசனத் திணைக்களத்தில தொழில்நுட்ப உத்தியோகத்தரா இருக்கிற பெண் ஒருத்திக்கும் அந்த உருவத்துக்கும் காதல். 5000 சொல்லுக்குள்ள முடிக்கோணும்.

முதல் பக்கத்திலயே இடறுது. "அவர்" எண்டு போட்டால் வாசிக்கிற ஆக்கள் ஆண் எண்டே எடுக்கினம். "அது" எண்டால் ஆடு மாடு மாதிரிக் கேக்குது. அடுத்தது, இது "பேய் பிடிச்ச பெட்டை" கதையா மாறிடக்கூடாது. கடைசியா, ஆரிட்டக் குடுத்து வாசிப்பிக்கிறது? கிளிநொச்சி, வவுனியா அளவு ஊரில ஆர் எழுதினது எண்டு பின்னேரத்துக்குள்ள தெரிஞ்சிடும்.

துருசடி:
"அவர்" சிக்கல் எங்கட பேச்சால வாறது. தமிழ்நாட்டு எழுத்தில "அவர் வந்தார்" ரெண்டு பாலுக்கும் பொது. எங்களிட்டப் பெண்ணுக்கு "அவா வந்தவா" எண்டு தனி மரியாதைச் சொல் இருக்கிறதால, மிஞ்சின "அவர்" ஆணுக்குப் போயிடுது. சென்னையில அச்சான கதைகளைப் பாத்து அப்பிடியே எழுதினால் இஞ்ச எடுபடாது.

லேசான வழி, உருவத்தையே கதைசொல்லி ஆக்கிறது. "வந்தன், நிண்டன், பாத்தன்": தன்மை வினையில பால் இல்லை. 5000 சொல்லும் இடறாமல் ஓடும். கவனிக்க வேண்டியது மற்றவை கூப்பிடுற இடம். தம்பி, அக்கா, வாடா, வாடி எதாவது ஒண்டு தவறி விழுந்தாலும் எல்லாம் போச்சு. அந்தப் பெண் "இஞ்சேரும்", "இஞ்சேரப்பா" எண்டு கூப்பிடட்டும். புருசன் பெண்சாதி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுற சொல், பால் இல்லை, காதலும் சொல்லாமலே தெரிஞ்சிடும்.

அதோட "நீர்" இருக்கு. உங்கட உருவம் தண்ணியாலானது எண்டால் இதை விட்டிடாதேங்கோ. "நீர் இறங்கினால் நான் என்ன செய்யிறது?" இதில நீர் எண்டது குளத்துத் தண்ணியோ, முன்னுக்கு நிக்கிற ஆளோ? "இறங்கினால்" எண்ட நிபந்தனை வடிவத்தில இடமும் பாலும் காட்டாததால ரெண்டும் சரி. ஆனால் வினைமுற்று வந்தால் பிரிஞ்சிடும் ("இறங்கினீர்", "இறங்கினது"). வேற்றுமை ஏறினாலும் பிரிஞ்சிடும்: ஆள் எண்டால் "உம்மை, உமக்கு", தண்ணி எண்டால் "நீரை, நீருக்கு". ஆகவே எழுவாயில மட்டும், கதைக்குள்ள மூண்டு நாலு தரம். அதுக்கு மேல போனால் சிலேடை விளையாட்டாத் தெரியும்.

படர்க்கையிலதான் எழுதப்போறீங்கள் எண்டால் எச்சங்களையும் பெயரையும் நம்புங்கோ. (துருசடி எண்டது குளத்துத் தண்ணியைத் திறக்கிற மதகடி.)

முதல்: "அவள் துருசடியில் நின்றாள். கையை நீட்டினாள். அவள் விரலிலிருந்து பாசி வழிந்தது."
பிறகு: "துருசடியில் ஒரு நிழல். நீட்டிய கையின் விரல் நுனியிலிருந்து பாசி வழிந்தது."

நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒரு பந்திக்கு மேல தொடர்ந்தால் தந்தி அடிச்ச மாதிரி ஆகிடும். இடையில "ஆள்" போடுங்கோ: "ஆள் வந்திட்டுது", "ஆள் கோவமா நிக்குது." வினை அஃறிணை, ஆனால் எங்கட காதுக்கு இளக்காரம் இல்லை. "பிள்ளை சாப்பிட்டுதோ?" எண்டு கேக்கிறதும் இதேதான். "அது" எண்ட சொல்லை உருவத்தை வெறுக்கிற ஒரு பாத்திரத்தின்ர வாயில மட்டும் வையுங்கோ. அப்ப ஒரே "வந்திட்டுது" ஒருத்தர் வாயில செல்லமாயும் இன்னொருத்தர் வாயில கல்லெறியாயும் கேக்கும்.

"அவை வருகினம்" எண்ட பலர்பாலும் கைவசம் இருக்கு. முதல் பந்தியிலயே பழக்கோணும். கூட்டம் கூடுற காட்சியில அது ஆளை எண்ண வைச்சுக் குழப்பும், அங்க தவிருங்கோ.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969இல நிலையான பால் இல்லாத மனிசரை வைச்சு நாவல் எழுதி, எல்லாருக்கும் ஆங்கிலத்து ஆண்பால் சொல்லையே போட்டவா. பிறகு தானே அதை மறுத்து எழுதினவா. ஆங்கிலத்தில மூண்டாம் ஆளின்ர பிரதிப்பெயரில மட்டும் இருக்கிற சிக்கல் எங்களுக்கு வினைமுற்றிலயும் இருக்கு. அதால முதல் வரைவிலயே தீர்மானிக்கோணும். பிறகு தேடி மாத்தேலாது, ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பக் கட்டவேண்டி வரும்.

இன்னொண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில கிளவியாக்கத்து 4ஆம் நூற்பா, ஆண்மை திரிஞ்சவரின்ர பெயரையும் தெய்வத்தின்ர பெயரையும் ஒண்டா வைச்சு, ரெண்டுக்கும் தனி விகுதி இல்லை, உயர்திணை விகுதியே கொள்ளும் எண்டு சொல்லுது. உங்கட பாத்திரம் ரெண்டுமாவும் இருக்கு.

பாலைப்பழம்:
பேய்க்கதை ஆகாமல் இருக்க ஒரு சோதனை. கதையிலயிருந்து உருவத்தைக் கழட்டிப் பாருங்கோ. அந்தப் பெண்ணின்ர மனசு அப்பவும் அப்பிடியே இருக்கோ? உருவம் போனதும் அவவின்ர ஆசையும் போகுதெண்டால், பெத்த பிள்ளையைப் பேயோட்டக் கூட்டிக்கொண்டு போறவை சொல்லுறதைத்தான் உங்கட கதையும் சொல்லுது. அவவுக்கு ஆரில ஈர்ப்பு எண்டதை முதல் 500 சொல்லுக்குள்ள, மாயம் தலைகாட்ட முதலே வையுங்கோ. பழைய காதலியின்ர கலியாண அழைப்பிதழ் மேசை லாச்சிக்குள்ள கிடந்தால் போதும்.

தண்ணி மட்டம்தான் உடம்பு எண்டது அருமையான விதி. அதுக்கு விலை வையுங்கோ. விலை ஏற்கனவே ஊரில இருக்கு: சிறுபோகக் கூட்டம். குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குது எண்டு பாத்து எத்தினை ஏக்கர் விதைக்கிறது, எந்தத் திகதியில தண்ணி திறக்கிறது எண்டு அங்கதான் முடிவெடுக்கிறது. கமக்காரர் கூட ஏக்கர் கேப்பினம். உங்கட பெண் மட்ட அளவுக் கணக்கோட மேசையில இருக்கிறா. ஒவ்வொரு அங்குலத் தண்ணியும் ஒரு குடும்பத்தின்ர நெல்லு, அவவின்ர ஆளின்ர உடம்பும் அதுதான். "ஊர் எதிர்க்குது, காதலர் ஓடுகினம்" எண்டதை விட இந்த மோதல் ஆழம். இதில ஒருத்தரும் கெட்டவர் இல்லை.

பருவத்தைப் பிழைவிட்டால் இஞ்சத்தை வாசகர் கதையை அங்கயே மூடிடுவினம். வான் பாயிறது (குளம் நிரம்பி வழியிறது) வாடை மழைக்கு, கார்த்திகை மார்கழிப் பக்கம். சோளகம் (தென்மேல் காத்து) அடிக்கிற ஆடியில குளம் வத்தி அலைகரை வெடிச்சுக் கிடக்கும். உருவம் பெருகிறதும் மெலியிறதும் இதோட ஒத்துப்போகோணும். குளக்கட்டில ஐயனார் இருப்பார். உங்கட உருவம் ஐயனார் இல்லை எண்டதைப் பொங்கல் காட்சி ஒண்டில வேளைக்கே தெளிவாக்குங்கோ. வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில கடல் தண்ணியில விளக்கெரியிறது வாசகருக்குப் பழகின அதிசயம். தண்ணியில எரியிற விளக்கை விளக்கம் சொல்லாமல் எழுதலாம், ஆனால் அம்மனைக் காதல் கதைக்குள்ள இழுக்காதேங்கோ. கும்பிடுற ஆக்கள் பக்கத்து வீட்டில இருக்கினம்.

இதை அழுத்திச் சொல்லுறன்: காணாமல் ஆக்கப்பட்ட ஒருத்தரைக் குளத்து ஆவியா வைக்காதேங்கோ. ஆவி எண்டால் செத்தாச்சு எண்டு அர்த்தம். 2017 பெப்ரவரியிலயிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில இருந்து "எங்கட பிள்ளை எங்க?" எண்டு கேட்ட தாய்மாருக்கு ஒரு கதை அந்தப் பதிலைச் சொல்லக்கூடாது. போர்க்கால ஆவியே எழுதேலாது எண்டில்லை. ஷெஹான் கருணாதிலகவின்ர 2022 புக்கர் நாவலில கொல்லப்பட்டு ஆவியா அலையிறவர் தன்பாலீர்ப்புள்ள படப்பிடிப்பாளர். ஆனால் அங்க சாவு முதல் பக்கத்திலயே உறுதி.

கருக்குமட்டை:
வாசிப்பு வட்டத்துக்கு நான்கு பேர் போதும், ஆறுக்கு மேல் வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒருவரின் 1500 சொற்கள். நால்வரில் ஒருவராவது வன்னி விவசாயம் தெரிந்தவராகவும், ஒருவராவது திருநராகவோ பால்நிலை இருமைக்குள் அடங்காதவராகவோ இருக்க வேண்டும். "நல்லாயிருக்கு" என்ற பதிலால் பயனில்லை. எந்த வரியில் உருவத்தை ஆணாக அல்லது பெண்ணாக மனதில் கண்டீர்கள் என்று கேளுங்கள், வரியைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். இருவர் ஒரே வரியைக் குறித்தால் அது கசிகிறது.

வட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய தொலைபேசி இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். சிக்னல் செயலியில் பயனர்பெயர் வைத்து இலக்கத்தை மறைக்கலாம். கூகிள் டொக்ஸ் இணைப்பில் கணக்குப் பெயர் தெரியும், வேர்ட் கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் கிடக்கும். வெறும் எழுத்தாக நகலெடுத்து ஒட்டி அனுப்புங்கள். அச்செடுக்கக் கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினால் கோப்பு அங்கேயே தங்கிவிடும். பென் டிரைவில் கொண்டுபோய், அதிலிருந்தே திறந்து அச்சிடுங்கள், மேசைத்திரையில் நகலெடுக்க விடாதீர்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் மற்றவர் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றிய பின் ஔகாரத்தைத் தேடிப் பாருங்கள், "கௌரி" அடிக்கடி "கெளரி" ஆகியிருக்கும்.

முழுக்கதையை முகநூலில் பொதுவில் போடாதீர்கள். பல இதழ்கள் அதை ஏற்கெனவே வெளியானது என்றே எடுத்துக்கொள்ளும்.

சட்டம்: இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பால் உடலுறவைக் குற்றமாக்குபவை. 1995 திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. அவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அவை செயலைப் பற்றியவை, கதை எழுதுவதைப் பற்றியவை அல்ல. எழுத்துக்கு 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது, படுக்கையறைக் காட்சியை எழுதும்போது அதை மனதில் வையுங்கள். உங்கள் நாயகி அரச உத்தியோகத்தர். 365அ என்ற எண்ணை அவள் அறிந்திருப்பாள்.

வாடைக்காற்று:
தன்மையிலயே எழுதுறன், உருவம்தான் சொல்லப்போகுது. ஒரு கேள்வி: உருவத்தின்ர வாயில "பால்புதுமை" ("குயர்" எண்டதுக்குத் தமிழ்) எண்ட சொல் வரலாமோ?

துருசடி:
உருவத்துக்கு வேண்டாம், அது கருத்தரங்குச் சொல். அந்தப் பெண் போனில வாசிச்சிருப்பா, அவ சொல்லட்டும். உருவம் "அதென்ன சொல்?" எண்டு கேக்கட்டும். அவ விளக்கம் சொல்லத் தொடங்க, துருசு திறக்கிற சத்தம் கேக்கோணும்.