விதைப்பை வீக்கம்: நம்மவர்களின் அனுபவங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து:

அப்பாவுக்கு ஓதம், அதாவது விதைப்பையில் நீர் கோத்த வீக்கம், என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் வேட்டியைத் தழையக் கட்டி மறைத்தபடியே பல ஆண்டுகளைத் தள்ளிவிட்டார். நடக்கவே சிரமப்பட்ட பிறகுதான் வரச் சம்மதித்தார். மருத்துவர் அறை விளக்கை அணைத்துவிட்டு, சிறிய டார்ச்சை வீக்கத்தின் பின்புறம் ஒட்டிப் பிடித்தார். விதைப்பை முழுவதும் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. "தண்ணிதான் கோத்திருக்கு, பயப்படாதீங்க ஐயா" என்றார். புற்றுநோய் என்று தாமாகவே முடிவு செய்து யாரிடமும் சொல்லாமல் இருந்தவர், அந்த இருட்டில் விம்மி அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அறுவை சிகிச்சையில் நீரை வடித்து, அதைச் சுரக்கும் உறையைப் புறம்திருப்பித் தைத்தார்கள்.

வில்லியனூரிலிருந்து:

டார்ச் ஒளி ஊடுருவினால் பயமே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. விதையில் கட்டி இருந்தாலும் அதைச் சுற்றி நீர் கோக்கலாம் என்பதால் ஸ்கேன் அவசியம். உறை தடித்துப்போன பழைய ஓதத்திலோ ஒளி ஊடுருவாமலும் போகும்.

என் அக்கா மகன் இரவில் வாந்தி எடுத்து, அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொன்னான். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, "தம்பி, கீழ வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்ட பிறகுதான் தலையசைத்தான். ஒரு பக்க விதை முறுக்கிக்கொண்டு மேலேறி, குறுக்காகக் கிடந்தது. ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் நேரே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள், விதை பிழைத்தது.

பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கேளுங்கள்: முறுக்கிய விதையை ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் விடுவித்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம், ஏனெனில் ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. மறுபக்கமும் முறுக்கக்கூடும் என்பதால் இரண்டையும் தைத்து நிலைநிறுத்துவார்கள். வாய்வு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். வயிற்றுவலி என்று பையன் சொன்னால், அப்பாவோ மாமாவோ தனியே அழைத்து வெளிப்படையாகக் கேளுங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து:

வில்லியனூர் நண்பரே, பையனின் வலியும் பெரியவரின் ஓதமும் வேறுவேறு. இரண்டையும் சேர்த்தால் வயதானவர்கள் மிரண்டு இன்னும் ஒளிந்துகொள்வார்கள். எங்கள் சித்தப்பா கத்திக்குப் பயந்து ஊசியால் நீரை உறிஞ்சிக்கொண்டார். மறுபடியும் நிரம்பியது, கடைசியில் சீழும் வைத்தது. "உறை அப்படியே இருக்கும்போது தண்ணி ஊறாம என்ன செய்யும்?" என்று மருத்துவர் கேட்டபோது அவர் தலைகுனிந்து நின்றதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

நம் பக்கத்து ஓதத்துக்கு யானைக்கால் புழு முக்கியக் காரணம். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. புதுச்சேரியில் கொசுக்களால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய அரசு மையம் 1975 முதல் இயங்குகிறது. அந்தப் புழு ஈனும் நுண்புழுக்கள் இரவில்தான் ரத்தத்தில் மிகுதியாக வரும். அப்பாவுக்கு இரவில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா என்பதை முதுநகர் நண்பர் எழுத வேண்டும்.