பார்டோக்கின் டான்ஸ் சூட்: நாட்டுப்புறமா, பாவனையா?

கடைசிவரிசை:
நேற்று ஒரு ஆர்கெஸ்ட்ரா கச்சேரியில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் டான்ஸ் சூட் (ஆட்ட இசைகளின் தொகுப்பு) கேட்டேன். ‘கிராமத்து இசையில் பிறந்தது’ என்று கையேட்டில் போட்டிருந்தார்கள். எந்தக் கிராமத்தில் இப்படி ஆடினார்களோ! தொடக்கத்தில் பஸ்ஸூன் என்ற கட்டைக்குரல் ஊதுகருவி இருட்டில் வழி தேடுவது போல் தடவுகிறது. இதில் அசல் நாட்டுப்பாடல் ஒன்றுகூடக் கிடையாதாம், எல்லாமே அவர் கட்டிய மெட்டு. அப்புறம் என்ன நாட்டுப்புறம்?

மெழுகுருளை:
அதுதானே விஷயமே! ஒலிப்பதிவு செய்யும் போனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஹங்கேரிய, ஸ்லோவாக், ருமேனிய ஊர்களில் வருஷக்கணக்காக அலைந்தவர். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா வரை போய் அரபுப் பாட்டுகளைப் பதிந்தார். அவ்வளவு கேட்டவருக்கு மெட்டைக் கடன் வாங்க வேண்டியதில்லை, அந்தப் பேச்சே வாயில் வந்துவிடும். நீங்கள் சொன்ன பஸ்ஸூன் நாலைந்து சுரங்களை நெருக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறதே, அதில் பிஸ்க்ரா வாடை இருக்கிறது.

கடைசிவரிசை:
பேச்சு வந்தால் ஊர்க்காரருக்குப் புரிய வேண்டாமா? 1923 நவம்பரில் முதன்முதலாக வாசித்தபோது புடாபெஸ்ட்டிலேயே எடுபடவில்லை. அதே கச்சேரியில் இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான கோடாயின் ‘சால்முஸ் ஹங்காரிகுஸ்’ என்ற கோரஸ் படைப்பு கைதட்டலை அள்ளிக்கொண்டு போனது.

மெழுகுருளை:
அன்று வாத்தியக்காரர்களுக்கே பிடிபடவில்லை. 1925இல் பிராகில் செக் நாட்டு தாலிஹ் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியபோது இதே சூட் ஓஹோவென்று போனது, ஐரோப்பா முழுக்க வாசித்தார்கள்.

அது எழுதப்பட்ட நேரத்தையும் பாருங்கள். புடா, பெஸ்ட், ஓபுடா என்ற மூன்று ஊர்கள் புடாபெஸ்ட்டாக இணைந்த 50ஆம் ஆண்டு விழாவுக்காக எழுதியது. முதல் உலகப் போருக்குப் பின் 1920 டிரியானோன் ஒப்பந்தத்தில் ஹங்கேரியின் டிரான்சில்வேனியா பகுதி ருமேனியாவுக்குப் போய், ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த விழாவில் ருமேனிய, அரபு, ஹங்கேரிய ஆட்டங்களை ஒரே வட்டத்தில் ஆடவிட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கடைசிவரிசை:
சரி, துணிச்சல்தான். ஆனால் நீங்கள் சொன்ன பிறகுதான் அது எனக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லையே. அவ்வளவு பெரிய வட்டம் என்றால், ஸ்லோவாக் ஆட்டம் ஒன்றைத் தொடங்கிவிட்டு ஏன் எடுத்துவிட்டார்?

வயோலாக்காரன்:
நடுவில் வருகிறேன். இரண்டாம் ஆட்டத்தில் டிராம்போன் ஊதுகருவிகள் சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள், கால் தானாகத் தட்டும். ஆட்டங்களுக்கு நடுவே மெதுவாக வந்து போகும் அந்த ரிட்டோர்னெல்லோ, அதாவது திரும்பத் திரும்ப வரும் மெட்டு, போதும் எனக்கு.

கடைசிவரிசை:
அந்த ரிட்டோர்னெல்லோ அழகு, மறுக்கவில்லை. ஸ்லோவாக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.