கண்ணுக்குள் தெரிந்த பிரஷர்: உங்கள் ரத்தக் குழாய் மாறியது எப்படித் தெரியவந்தது?

எழும்பூர்ப் பெஞ்சு

படிக்கிற கண்ணாடியை மாற்றலாம் என்று எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். 1819இல் தொடங்கிய மருத்துவமனை. கூட்டத்துக்குக் குறைவே இல்லை. சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிப் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார்கள். என் முறை வந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்ட ஓர் இளம் மருத்துவர், கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்தபடி, "மேலே பாருங்கள், இடது தோளைப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சட்டென்று நிறுத்தி, "ஐயா, பிரஷர் எத்தனை வருடமாக?" என்றார்.

எனக்கு அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொன்னதில்லை. தலைவலி, மயக்கம் எதுவும் வந்ததில்லை. "இருக்கிறது, அளந்து பாருங்கள்" என்றார். பக்கத்து அறையில் அளந்தார்கள். 168/104.

அவர் என் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் இரண்டுக்கும் ஒரே உறைதான். அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித் தமனியின் சுவர் தடித்துவிட்டால், அந்த உறைக்குள் சிரை நசுங்குகிறது. அந்த இடத்தில் சிரையைக் கிள்ளிவிட்டது போலத் தெரியுமாம். தமனியும் வழக்கமான சிவப்பாக இல்லாமல் செம்புக் கம்பி போல மின்னுமாம். 1939இலேயே கீத், வேகனர், பார்க்கர் என்ற மூவர் இதை நான்கு நிலைகளாகப் பிரித்துவிட்டார்கள். நான் இரண்டாம் நிலை. மூன்றில் ரத்தக் கசிவும் பஞ்சு போன்ற வெள்ளைத் திட்டுகளும், நான்கில் பார்வை நரம்பின் முனையே வீங்குவதும்.

உடம்பைக் கீறாமல் இந்த நுண்ணிய குழாய்களை நேரில் பார்க்க விழித்திரையை விட்டால் நல்ல இடம் கிடையாது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படித் தெரியவந்திருந்தால் எழுதுங்கள். மாத்திரைப் பட்டியல் வேண்டாம். குழாய்க்கு என்ன ஆயிற்று என்பதுதான் பேச்சு.

வார்டு அக்கா

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டில் நோயாளிகளின் உறவினர்கள் எல்லோரும் கேட்பது, "அடைப்பு ஏதாவது இருக்கிறதா சிஸ்டர்?" என்பதுதான். போர் தண்ணீர்க் குழாயில் உப்பு படிகிற மாதிரி ரத்தக் குழாயிலும் ஏதோ படிகிறது என்று மனத்தில் ஒரு படம். அந்தப் படம் கொழுப்பின் கதைக்கு ஓரளவு பொருந்தும். பிரஷர் செய்கிற வேலை வேறு. அது குழாயின் சுவரையே மாற்றிக் கட்டுகிறது.

சுவரின் உள்பக்கம் ஒரே ஓர் அடுக்கு செல்களால் ஆனது. ரத்தம் உரசிக்கொண்டு ஓடும்போது அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடும். அது வெளிப்பக்கத் தசையைத் தளர்த்தும். இதைக் கண்டறிந்ததற்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அழுத்தம் கூடவே இருந்தால் இந்தச் சுரப்பு மங்கிவிடுகிறது, கிடைப்பதும் சீக்கிரம் வீணாகிறது. தளரச் சொல்ல ஆள் இல்லாத தசை இறுகியே நிற்கிறது. இதுவரை கெட்டது வேலை மட்டும்தான்; இனி அமைப்பும் கெடுகிறது. சிறிய தமனிகளில் தசை செல்கள் உள்நோக்கி நகர்ந்து அடுக்கிக்கொள்கின்றன. சுவர் தடிக்கிறது, உள்ளே வழி சுருங்குகிறது. மிக நுண்ணிய குழாய்களில் சில மூடி மறைந்தே போகின்றன.

சுவரைக் குறை சொல்ல முடியாது. தடித்தால்தான் ஒவ்வோர் இழையின் மீதும் விழும் இழுவிசை குறையும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் விலை பெரிது. குழாயின் ஆரம் பத்தில் ஒரு பங்கு சுருங்கினால் ஓட்டத்துக்கான எதிர்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். பாதியானால் பதினாறு மடங்கு. அந்த எதிர்ப்பு பிரஷரை மேலும் ஏற்றும், ஏறிய பிரஷர் சுவரை மேலும் தடிக்க வைக்கும். ஸ்வீடன் நாட்டு உடலியல் அறிஞர் ஃபோல்கோ 1950களிலேயே இதைச் சொல்லிவிட்டார். "டென்ஷன் ஆகாதீர்கள், சரியாகிவிடும்" என்று இன்னமும் அறிவுரை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு டென்ஷன் ஏறுகிறது.

பெரம்பூர் மாடிவீடு

மாமனார் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எப்போது அளந்தாலும் மேல் எண் 170க்கு மேல், கீழ் எண் 60ஐ ஒட்டி. "கீழே இருப்பதுதான் முக்கியம், அது நன்றாக இருக்கிறது" என்று தெருவில் யாரோ சொல்லிவிட, அதையே பிடித்துக்கொண்டார். மனிதர் பிடித்தால் விடமாட்டார்.

இதய மருத்துவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து, என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். நாடிக்குழாய் விரலுக்கடியில் கெட்டியாக உருண்டது. என் கையில் அதே இடத்தில் துடிப்பு மட்டும்தான் தெரிகிறது, குழாய் தெரியவில்லை.

பெருந்தமனியின் சுவரில் எலாஸ்டின் என்ற நெகிழும் இழை இருக்கிறது. வளர்ந்த பிறகு அது புதிதாக உண்டாவது மிகக் குறைவு. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது; அத்தனை இழுப்பையும் அதே பழைய இழைதான் தாங்க வேண்டும். வயதில் அது நைந்து அறுகிறது, பிரஷர் இருந்தால் இன்னும் சீக்கிரம். அந்த இடத்தை விறைப்பான கொலாஜன் இழை பிடித்துக்கொள்கிறது. நல்ல பெருந்தமனி இதயம் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கை விரிந்து வாங்கிவைத்து, இதயம் ஓய்கிற நேரத்தில் மெதுவாகத் தள்ளிவிடும். விறைத்துப்போனது வாங்கிவைக்காது. அதனால் மேல் எண் எகிறுகிறது, கீழ் எண் விழுகிறது. இதயத் தசைக்கே ரத்தம் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் போகிறது. ஆக, அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த 60தான் மருத்துவரைக் கவலைப்பட வைத்தது. மாத்திரையை மெதுவாகத்தான் கூட்டினார். உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நின்றும் அளக்க வேண்டும் என்றார்.

தண்டையார்பேட்டை மகள்

அம்மாவுக்குச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் வந்தது. சர்க்கரை இல்லை, பிரஷர் மட்டும். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழைகிற நுண்குழாய் தடித்துக் கண்ணாடி போல விறைத்திருக்கும், அது சமாளிக்க முடியாத அழுத்தம் வடிகட்டியைச் சிதைக்கும், புரதம் கசியும் என்று விளக்கினார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் சரியாகத்தான் இருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் சேர்ந்த எங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டை மருத்துவரிடம் விவரித்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அம்பத்தூர் ஷிப்ட்

எங்கள் பெரியப்பாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். தலை கனக்கிறது என்று வீட்டருகே ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனோம். 200ஐத் தாண்டியிருந்தது. ஒரு கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி, உள்ளே இருந்த மருந்தை நாக்குக்கடியில் விட்டார்கள். எண் மளமளவென்று இறங்கியது; எல்லோருக்கும் சந்தோஷம். வீடு வந்து சேர்வதற்குள் பெரியப்பாவுக்குப் பேச்சு குழறியது, வலது கை தொங்கியது.

பெரிய மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சொன்னது இது. மூளையின் குழாய்கள், பிரஷர் ஏறினால் சுருங்கியும் இறங்கினால் விரிந்தும், ரத்த ஓட்டத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் உயர்ந்த அழுத்தத்திலேயே வாழ்ந்தவருக்கு அந்த வரம்பே மேலே நகர்ந்திருக்கும். சுவர் தடித்த குழாய் தேவையான அளவுக்கு விரிந்துகொடுக்காது. மற்றவர்களுக்குச் சாதாரணமான அழுத்தம் அவருடைய மூளைக்குப் பற்றாக்குறை. வேறு பாதிப்பு எதுவும் இல்லாதபோது உயர்ந்த எண்ணை அவசரமாக இறக்கக் கூடாது என்பது மருத்துவ உலகம் எப்போதோ ஒப்புக்கொண்ட விஷயமாம். பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வேளச்சேரி ஏரிக்கரை

என் கதை தலைகீழ். எனக்குக் குழாய் கெட்டதால்தான் பிரஷர் வந்தது. வேலையில் சேர்வதற்கான உடல் பரிசோதனையில் இடது கையில் 110, செவிலியர் சந்தேகப்பட்டு வலது கையில் அளந்தால் 160. இடது மணிக்கட்டில் நாடியே சரியாக அகப்படவில்லை. நோயின் பெயர் டகாயாசு. இளம் பெண்களை அதிகம் தாக்கும். பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் அழற்சி வந்து வழி குறுகிவிடும். எனக்குச் சிறுநீரகத்துக்குப் போகிற தமனியும் குறுகியிருந்தது. ரத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்ட சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரந்து உடம்பு முழுவதற்கும் பிரஷரை ஏற்றிவிட்டது. இடது கையின் 110 பொய்க்கணக்கு.

எழும்பூர் சார் பார்வைக்கு ஒரு செய்தி: 1908இல் இதை முதலில் எடுத்துச்சொன்ன டகாயாசு ஜப்பானியக் கண் மருத்துவர். அவரும் விழித்திரைக் குழாய்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

முதல் தடவை அளக்கும்போது இரண்டு கையிலும் அளக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் சட்டைக் கையை மடக்கக்கூட நேரம் தருவதில்லை.

எழும்பூர்ப் பெஞ்சு

படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. வார்டு அக்கா, மாறிய சுவர் பழையபடி ஆகுமா, ஆகாதா?

வார்டு அக்கா

பாதி ஆகும் சார். சிறிய தமனிகள் திருந்தக்கூடியவை. ஆனால் எண்ணை இறக்கினால் மட்டும் போதாது. பிரஷர் மாத்திரைகளில் அடெனோலாலும் எண்ணை இறக்கும், லொசார்டான் வகையும் இறக்கும்; குழாய்ச் சுவரை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சுவர் மீண்டது இரண்டாவதில்தான். எந்த மாத்திரை என்பதில் மருத்துவர் யோசிப்பது இதற்காகவும்தான். தடித்த இதயத் தசையும் ஓரளவு இளைக்கும், சிறுநீரில் ஆல்புமின் குறையும். நைந்த எலாஸ்டின் மட்டும் திரும்பி வராது. பெரம்பூர்க்காரரின் மாமனாருக்கு விறைப்பைப் போக்க முடியாது, மேற்கொண்டு ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம்.

மாம்பலம் மருமகள்

இடையில் ஒரு சந்தேகம். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை ஆரம்பித்ததிலிருந்து மாமியாருக்குக் கணுக்கால் வீங்குகிறது. செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நிற்கிறது. சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

வார்டு அக்கா

பெரும்பாலும் இருக்காது அம்மா. அந்த மருந்து தமனிப் பக்கத்து நுண்குழாய்களை விரிக்கும், சிரைப் பக்கத்தை அவ்வளவு விரிக்காது. நடுவில் இருக்கிற தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிந்து கணுக்காலில் இறங்குகிறது. அதனால்தான் நீர் மாத்திரை போட்டாலும் இந்த வீக்கம் சரியாக வடியாது. தானாக மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டான் மாதிரி ஒன்றைச் சேர்ப்பார், அது சிரைப் பக்கத்தையும் திறந்துவிடும். மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ இந்தக் கணக்கு செல்லாது, அன்றே போய்விடுங்கள்.