விடுதலை ஆன பிறகு வண்டிக்கு எந்த விலை?

குப்பம் லோடுக்காரர்:
புத்தூர் சார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மேல்கோர்ட்டில் தண்டனை ரத்தானால் ஏலத்தில் விற்ற பணத்தைக் கொடுத்துவிடுவார்கள், அதோடு கணக்குத் தீர்ந்தது" என்கிறார். எப்படித் தீரும்? என் மச்சானுடைய மினி லாரியைச் செம்மரக் கேஸில் பிடித்தார்கள். டிரைவரோடு சேர்த்து அவனுக்கும் தண்டனை. அப்பீலில் விடுதலை. அதற்குள் வண்டி ஏலத்தில் போய்விட்டது. பிடித்த அன்று டயர் எல்லாம் புதுசு. ஏலத்தன்று ஸ்டெப்னி இல்லை, பேட்டரி இல்லை, கேபினுக்குள் கொடி ஏறி ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. டியூவை மட்டும் மச்சான் கட்டிக்கொண்டே இருந்தான். பிடித்த அன்றைய மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

புத்தூர் வாசகர்:
உணர்ச்சிவசப்பட்டுச் சட்டம் பேசாதீர்கள். 1985லேயே சுதாகர் ராவ் வழக்கில், அதுவும் நம் ஆந்திர வனச் சட்டத்தில், பறிமுதல் நடவடிக்கை, அதாவது வண்டியைச் சர்க்காருக்கே சொந்தமாக்குவது வேறு, கிரிமினல் விசாரணை வேறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 44ஆம் பிரிவில் வன அதிகாரியே பறிமுதல் செய்யலாம். ஏலப்பணம் கைக்கு வந்தாலே பெரிது.

குப்பம் லோடுக்காரர்:
நேற்று "கொடுத்துவிடுவார்கள்", இன்று "வந்தாலே பெரிது". நான் கேட்டது அதுவே இல்லை சார். எந்த நாள் விலை?

திருத்தணி தம்பி:
அண்ணே, 2022 மார்ச்சில் அப்துல் வஹாப் வழக்கு வந்ததே. மத்தியப் பிரதேசத்தில் மாடு ஏற்றிப் போன லாரி. கிரிமினல் கேஸில் விடுதலை ஆன பிறகும் பறிமுதல் உத்தரவு போட்டார்கள். சொத்துரிமைக்கான 300ஏ பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் 63ஆம் பிரிவில் விடுதலை ஆனாலும் பறிமுதலைக் கோர்ட் தனியாக முடிவு செய்யும்.

புத்தூர் வாசகர்:
மாட்டு லாரி வழக்கு பசுவதைத் தடைச் சட்டம், தம்பி. நாம் பேசுவது வனச் சட்டம்.

குப்பம் லோடுக்காரர்:
மாடு ஏற்றினாலும் மரம் ஏற்றினாலும் வண்டி வண்டிதானே? 1977 பசவ்வா வழக்கைப் படியுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் வைத்த நகை திருடு போய்விட்டது. நகை போனால் அதன் மதிப்பைக் கொடு என்று சர்க்காருக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

புத்தூர் வாசகர்:
அங்கே பொருள் தொலைந்தது. இங்கே முறைப்படி ஏலம்.

குப்பம் லோடுக்காரர்:
பேட்டரியும் முறைப்படி ஏலத்திலா போனது?

பலமநேர் அக்கா:
எல்லோரும் வண்டிக்கு அழுகிறீர்கள். சேஷாசலத்துக் காட்டை மொட்டை அடித்ததே இந்த வண்டிகள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலா லோடு ஏற்றுவார்கள்?

குப்பம் லோடுக்காரர்:
விடுதலை ஆனவனைத் திருடன் என்று பேச உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது அக்கா? மச்சான் இருக்கும் தெருவில் வந்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

திருத்தணி தம்பி:
அக்கா சொன்னதையேதான் கொலராடோ மாநிலமும் சொன்னது. தண்டனை ரத்தானவர்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர, நிரபராதி என்று நீயே நிரூபி என்றது. 2017ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

பலமநேர் அக்கா:
அமெரிக்கக் கதையெல்லாம் திருத்தணியோடு வைத்துக்கொள். தமிழ்நாட்டுக்காரர்கள் எங்கள் காட்டைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம்.

திருத்தணி தம்பி:
நீங்கள் பேசுவதும் தமிழ்தானே அக்கா?

குப்பம் லோடுக்காரர்:
இதை விடுங்கள் இரண்டு பேரும். பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் நாள்கணக்கில் போட்டு வைக்காதே என்று 2002ல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. துரு ஏற விட்டது அவர்கள். துருப்பிடித்த விலையை மச்சான் ஏன் வாங்க வேண்டும்? புத்தூர் சார், பிடித்த அன்றைய மதிப்பு ஏன் கூடாது?

புத்தூர் வாசகர்:
பதில் சொல்லியாகிவிட்டது. முறைப்படி ஏலம்.

குப்பம் லோடுக்காரர்:
சொல்லவில்லை. எந்த நாள் விலை என்று கேட்டேன்.