புதுப்பிப்பு: ஒரே அறை வீடு, இரண்டு ஷிப்ட், தூக்கப் பிரச்சினை

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: ஸ்டூடியோ வீட்டில் நானும் அறைத்தோழனும் இருக்கிறோம், எனக்குப் பகல் வேலை, அவனுக்கு இரவு வேலை, இருவருக்கும் சரியான தூக்கம் இல்லை, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கனமான திரைச்சீலை போட்டோம். வெளிச்சம் நின்றது, சத்தம் நிற்கவில்லை. துணி எதிரொலியைக் குறைக்குமே தவிர பேச்சைத் தடுக்காது என்று ஒருவர் முன்பே எழுதியிருந்தார். நான்தான் கேட்கவில்லை.

அப்புறம் பின்பலகை உள்ள உயரமான புத்தக அலமாரியைக் குறுக்கே நிறுத்தினோம். சாயாமல் இருக்கச் சுவரோடு சேர்த்துத் திருகினோம். சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் காற்று வராமல் அவன் பக்கம் வெந்தது! அதை எடுத்துவிட்டு இடுப்புயர அலமாரி வைத்த பிறகுதான் சரியானது.

உண்மையில் வேலை செய்தது, ஒரு பைசா செலவில்லாத யோசனை: இருவரின் தூங்கும் நேரத்தையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவது. அந்த நேரத்தில் போன் பேச வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். அலாரம் கைப்பட்டையில் அதிர்வாக மட்டும்.

எதிர்பாராதது ஒன்று. காற்றுக்காக வாங்கிய மேசை விசிறியின் ஒரே சீரான இரைச்சல், கதவுச் சத்தம் போன்ற சின்னச் சின்னச் சத்தங்களை அமுக்கிவிடுகிறது. இப்போது அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.